ஷாங் தேலின் வயிற்றில் இருந்த வாத்து

இலையுதிர் காலத்து முழுநிலா விருந்தில் ஷாங் தேலின் தின்ற வாத்து, மறு வருஷம் வசந்தம் வந்த பிறகும் அவர் வயிற்றுக்குள் கத்திக்கொண்டிருந்தது. உயிரோடு விழுங்கிய வாத்தல்ல. தலையும் காலும் நறுக்கி, துண்டு துண்டாக வெட்டி, வறுத்து, இஞ்சித் துவையலோடு தட்டில் வந்த வாத்துதான். உள்ளே போய் அது எப்படியோ தன்னைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பு தின்ற சோறு அரிசியாகவே கிடந்தது. அவர் படியேறும்போது முறத்தில் புடைப்பதுபோலச் சலசலத்தது. புத்தாண்டுக்குத் தின்ற கெண்டை மீன், அவர் தேநீர் குடிக்கும்போதெல்லாம் வாலை அடித்தது. லின்தூ படித்துறையில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருஷம் சோயா விலை ஏறியதையும், படகுக் கயிறு தரம் கெட்டுப்போனதையும்தான் அதிகம் பேசினார்கள். ஒரு மனிதர் மூன்று வேளையும் விருந்து தின்று, தின்றதெல்லாம் உள்ளேயே தங்கி, ஒவ்வொரு மாதமும் எடை கூடிக்கொண்டே முகம் மட்டும் எலும்பாக வற்றிக்கொண்டிருந்தார். அது அவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்படி விட்டதற்குக் காரணம் இருந்தது. ஷாங் தேலின், லின்தூவின் பெரிய சோயா சாஸ் பட்டறைக்கு முதலாளி. அவருடைய பின்முற்றத்தில் இடுப்புயர மண்ஜாடிகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே சோயா நுரைத்து, கறுத்து, கரைந்துகொண்டிருக்கும். அந்த மணம் ஆற்றின் அக்கரை வரை போகும். அவர் மனமோ அதற்கு நேர்மாறு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால், கையில் சாப்பாட்டுக் குச்சியை எடுக்கும் முன்பே யாராவது ஓர் ஆளை எடுத்துக்கொள்வார். படகுக்காரன் நகத்தில் அழுக்கு, துணிக்கடைக்காரன் தாத்தா பன்றி மேய்த்தவர், பள்ளி ஆசிரியர் கும்பிடும்போது முதுகு வளைகிற விதமே பிச்சைக்காரன் மாதிரி. ஒவ்வொரு கவளத்தோடும் ஒருவரை மென்று விழுங்குவார். எதிரே அவர் மனைவி வான்ரூ உட்கார்ந்து, "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, அவர் கிண்ணத்தில் கறி எடுத்து வைப்பாள். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டில் இதுதான் விருந்து.

ஒருமுறை, அவர் வீட்டு மதிலோரம் காங் அக்கா என்ற விதவை கஞ்சிக் கடை போட்டிருந்தாள். இரண்டு பானை, ஒரு பெஞ்சு, கொஞ்சம் உப்பு முள்ளங்கி, இவ்வளவுதான் கடை. கூலிக்காரர்கள் விடிந்ததும் அங்கேதான் சூடாகக் குடித்துவிட்டு மூட்டை தூக்கப் போவார்கள். கூலிக்காரன் குடிக்கிற கஞ்சியின் ஆவி தன் மதிலில் படுகிறது என்று ஷாங் தேலின் அவளை எழுப்பிவிட்டார். எதிர்ப்புறம் போ என்றார். அவள் போனாள். ஆவிக்குப் புத்தி சொல்ல முடியாதாகையால், அது காற்று வீசும்போதெல்லாம் தெருவைக் கடந்து வந்து அதே மதிலில் படிந்தது.

வயிற்றில் வாத்து கத்தத் தொடங்கியதும் வைத்தியர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் வாத்துக்குப் பேதி மருந்து கொடுத்தார். அரிசி ஒரு மணி குறையவில்லை. அடுத்தவர் நாடி பிடிக்கையில் கெண்டை மீன் துள்ளியதால் கையை எடுத்துக்கொண்டு, தனக்கு மீன் ஆகாது என்று போய்விட்டார். கடைசியில் வந்தவர் ருவான். அவர் தோற்றத்தில் மரியாதைக்குரிய ஒன்றும் கிடையாது. மேலங்கியில் எண்ணெய்க் கறை, வாயில் எப்போதும் ஊறவைத்த கமலா ஆரஞ்சுத் தோல், நோயாளிகள் மேல் அவர்கள் நோயைவிடக் கொஞ்சம் அதிகமான வெறுப்பு. ஷாங் தேலினுக்கு அவரைப் பார்த்ததுமே அருவருப்பாக இருந்தது. ருவானுக்கும் அப்படியே.

"நாக்கை நீட்டுங்க" என்றார் ருவான். "ம்... வெளுத்து வீங்கியிருக்கு. ஓரமெல்லாம் பல் தடம். இத்தனை வருஷமா நாக்கைக் கடிச்சுக்கிட்டுத்தான் பேசுறீங்களா, இல்ல கடிக்காமலே பேசுறீங்களா?"

"நான் உங்களை வைத்தியத்துக்குக் கூப்பிட்டேன், வைத்தியரே. கூத்துக்கு இல்ல."

"கூத்து உள்ள நடக்குது, முதலாளி. நான் பார்க்க வந்த ஆளு." வாத்து அப்போது இரண்டு தடவை கத்தியது. ருவான் வலது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, நடுவிரலின் கீழ் நாடி ஈரநூல்போல நசுங்குவதை உணர்ந்துகொண்டு, கண்ணை மூடியபடி சொன்னார்: "இரைப்பை நல்ல பானை. எதைப் போட்டாலும் வாங்கிக்குது. ஆனா அடியில நெருப்பு இல்ல. மண்ணீரல்தான் அந்த அடுப்பு. அது அணைஞ்சுபோச்சு. அணைஞ்ச அடுப்புல சோறு எப்படி வேகும்? அரிசி அரிசியாத்தான் கிடக்கும், வாத்து வாத்தாத்தான் கிடக்கும். சாப்பிடும்போது என்ன நினைப்பு உங்களுக்கு?"

"நினைப்பா? ஊர்ல இருக்கிற ஜனங்களைப் பத்தித்தான். வேற என்ன இருக்கு நினைக்க?"

"அதான். ஓயாம ஒண்ணையே நினைச்சு அரைக்கிற மனசு மண்ணீரலைத்தான் முதல்ல தின்னும். இனிமே சாப்பிடும்போது யாரைப் பத்தியும் பேசாதீங்க. பச்சைத் தண்ணி வேண்டாம், தர்பூசணி வேண்டாம், குளிர்ந்தது எதுவும் வேண்டாம். மலை வள்ளிக்கிழங்கும் தாமரை விதையும் போட்டு குழையக் குழையக் கஞ்சி. அதையும் மெல்லணும்."

கஞ்சியா என்று ஷாங் தேலின் மூக்கைச் சுருக்கினார். கூலிக்காரன் உணவு. ருவான் அதைக் கண்டுகொள்ளாமல் மருந்தை எழுதினார்: ஜின்செங் வேர், வெள்ளைக் கிழங்கு ஒன்று, பைன் மரத்து வேரில் விளையும் காளான், அதிமதுரம், இஞ்சி, உலர்ந்த இலந்தை. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறக்கத்தில் மாசிப்பத்திரிச் சுருளைக் கொளுத்திச் சூடு காட்டினார். கிளம்பும்போது, எல்லா வைத்தியரும் எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னார்: "காய்ச்சின சக்கையைத் தெருவுல கொட்டிடுங்க. நாலு பேர் மிதிச்சாத்தான் வியாதி வீட்டை விட்டுப் போகும்."

லின்தூவில் இது குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். எந்த வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் வேரும் பட்டையும் ஈரமாகக் கிடக்கிறதோ அந்த வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று தெரிந்துகொண்டு, போகிறவர்கள் சுற்றிப் போகாமல் அதன் மேலேயே நடந்துபோவார்கள். வியாதி கொஞ்சம் கொஞ்சமாகச் செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆளுக்கு ஒரு சிட்டிகை. அந்த ஒரு சிட்டிகை யாரையும் ஒன்றும் செய்யாது. ஒரு தும்மல், ஒரு கொட்டாவி, தீர்ந்தது. தெருமுனையில் முழங்கால் உயரக் கோயிலில் இருக்கும் மண்சாமி, தாடியும் சிரிப்புமாக, இந்தப் போக்குவரத்தைத்தான் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இதைவிடப் பிடித்த பூஜை ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

ஷாங் தேலின் மறுத்துவிட்டார். ஜின்செங் மலையிலிருந்து வந்தது, அதிமதுரம் வடக்கிலிருந்து வந்தது. அதை மீன்காரியும் மூட்டைக்காரனும் மிதிப்பதா? "என் வியாதி பட்டு மாதிரி. இவனுங்க கால் பட்டா அழுக்காயிடும்" என்று வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். சக்கையைப் பின்முற்றத்தில், ஜாடிகளின் பக்கத்தில் கொட்டச் சொன்னார். சமையற்காரர் கொட்டினார். வைத்தியர் சொன்ன கஞ்சியையும் வைத்தார். முதலாளி அதை மெல்லவும் மென்றார். ஆனால் முதல் வாய்க்கே வைத்தியர் ருவானின் எண்ணெய்க் கறையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மருந்து வேலை செய்யவில்லை என்றும், அந்த ஆள் வைத்தியனே அல்ல, மருந்துக் கடையில் தராசு பிடித்தவன் என்றும் ஊரெல்லாம் சொன்னார். ருவான் அதைக் கேட்டு ஒரு கமலாத்தோலைத் துப்பினார். அதோடு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதே மருந்துச்சீட்டை வைத்துக்கொண்டு ஷாங் தேலின் மேலும் இரண்டு வருஷம் மருந்து குடித்தார். பின்முற்றத்தில் சக்கை மேடாகி, மேடு குன்றாகி, ஜாடிகளின் மூடியளவுக்கு உயர்ந்தது. முதல் கோடையில் குன்றுக்குப் பக்கத்து ஜாடியில் சோயா நுரைப்பதை நிறுத்தியது. அடுத்த கோடையில் எல்லா ஜாடியும் நிறுத்தின. மூடியைத் திறந்தால் உப்புத் தண்ணீரில் சோயா, நேற்றுப் போட்டதுபோல, உருண்டையாக, மஞ்சளாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மிதந்தது. பட்டறை ஆட்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்காரர்களின் சோம்பலே காரணம் என்று ஷாங் தேலின் கண்டுபிடித்து, அதை மூன்று மாதச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார்.

ஒரு மாலை, கஞ்சிக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து படித்துறைக் கணக்குப்பிள்ளையின் காதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது, வயிற்றில் வாத்து வழக்கம்போலக் கத்தியது. அதற்கு யாரோ பதில் சொன்னார்கள். மெல்லிய குரல். கீச் என்று. அவர் பேச்சை நிறுத்தினார். வாத்து மறுபடி கத்தியது, இந்தத் தடவை கொஞ்சம் கனிவாக. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடி கீச். வான்ரூ சட்டென்று கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினாள்.

"என்ன அது?"

"கரண்டிங்க."

"கரண்டி கீச்சுனு கத்துமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "குளிர் காலத்துல ஒரு முட்டை சாப்பிட்டேன். பொரிச்சிருச்சு போல."

அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது, மேசைக்கு எதிரே ஒரு "ம்" உட்கார்ந்திருப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. கழுத்தெலும்பு அங்கியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொல்லி என்ன ஆகப்போகிறது, நீங்கள் சாப்பிடும்போது குறுக்கே பேச வேண்டாமென்று இருந்தேன் என்றாள். அந்தச் சாப்பாட்டின் மிச்சத்தை இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். வாத்தும் குஞ்சும் மட்டும் பேசிக்கொண்டன.

மறுநாள் ஷாங் தேலின் ருவான் வீட்டு வாசலுக்குத் தானே போனார். அரிசி சலசலக்க, மீன் துள்ள, தெரு முழுதும் திரும்பிப் பார்க்கப் போய் நின்றார். ருவான் உள்ளிருந்தே, "தராசு பிடிக்கிறவன் வீட்டுக்கெல்லாம் முதலாளி வர்றதா?" என்றார். ஆனால் யாருக்கு என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டார். வான்ரூவின் நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். அதே வெளுப்பு, அதே ஈரநூல். அவள் வெயிலில் உட்காரட்டும் என்று பின்கதவைத் திறந்தவர், குன்றைப் பார்த்து நின்றுவிட்டார். வாயிலிருந்த கமலாத்தோலை மெல்லுவதும் நின்றது.

"இது என்ன?"

"சக்கை."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

"மனுஷன் வீட்டுக்குள்ள பணத்தைப் பூட்டி வைப்பான், நெல்லைப் பூட்டி வைப்பான். வியாதியைப் பூட்டி வெச்ச ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றார் ருவான். "நான் கொடுத்த மருந்து வியாதியை வெளிய தள்ளிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க அள்ளி அள்ளி உள்ள வெச்சிருக்கீங்க. அது போக இடமில்லாம ஜாடிக்குள்ள போயிருக்கு. இப்ப இந்த அம்மாகிட்ட போயிருக்கு. இவங்க உடம்புல இதைத் தாங்க ஒண்ணுமில்ல, முதலாளி. மழைக்காலம் வரைக்கும் தாங்குவாங்கன்னுகூட நான் சொல்ல மாட்டேன். அள்ளித் தெருவுல கொட்டுங்க. ஜனங்க மிதிக்கட்டும். காசு கொடுத்து மிதிக்க வைக்காதீங்க, கூலிக்கு வர்ற கால்ல வியாதி ஒட்டாது."

ஆட்கள் யாரும் இல்லாததால் ஷாங் தேலினும் சமையற்காரரும் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். படித்துறைக்குப் போகும் தெரு மதிலுக்கு மதில் நிறைந்தது. விடிந்ததும் கூலிக்காரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். நின்றார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்புறச் சாக்கடையில் இறங்கி, அதன் வழியாகவே நடந்து அப்புறம் ஏறிப் போனார்கள். முழங்கால் வரை சேறு. அதைப் பற்றி யாரும் குறைப்படவில்லை. மீன்காரி கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். துணிக்கடைக்காரர் பட்டு அங்கியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். பள்ளி ஆசிரியர், முதுகு நன்றாக வளைய ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

"ஏய், மேல நடந்து போங்கடா!" என்று வாசலிலிருந்து ஷாங் தேலின் கத்தினார்.

"ஐயய்யோ, பட்டு முதலாளி, பட்டு!" என்றான் ஒரு கூலிக்காரன் சாக்கடைக்குள்ளிருந்து. "எங்க கால் பட்டா அழுக்காயிடும்!"

"நாங்க கஞ்சி குடிக்கிறவங்க. எங்க ஆவியே உங்களுக்கு ஆகாது. கால் எப்படி ஆகும்?" என்றான் இன்னொருவன்.

வாத்து கத்தியது. "அதையாவது வெளிய விடுங்க, அது மிதிக்கும்" என்று மூன்றாமவன் சொல்ல, சாக்கடை முழுதும் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அது நல்ல சிரிப்பல்ல; ஆனால் அநியாயமான சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. இருபது வருஷமாக அவர் தின்ற அத்தனை பேரும் அன்று அந்த வழியாகப் போனார்கள். மதியம் வரை ஒரு செருப்புத் தடம்கூட விழவில்லை. வடக்கே மேகம் கறுத்தது. தெரு அவர் வாசலை நோக்கித்தான் சரிந்திருந்தது. மழை பெய்தால் அவ்வளவும் மிதந்து வீட்டுக்குள் திரும்பி வரும். உள்ளே வான்ரூ பாயில் படுத்திருந்தாள். குஞ்சின் குரல் இப்போது மிகச் சன்னமாகிவிட்டது.

ஷாங் தேலின் தெருவைக் கடந்து காங் அக்காவின் கடைக்குப் போனார். ஆவிக்குள் போய் நிற்பது அவருக்கு அதுவே முதல் தடவை. பெஞ்சில் இருந்தவர்கள் கிண்ணத்தோடு திரும்பினார்கள்.

"கஞ்சியா, முதலாளி?" என்றாள் அவள், கரண்டியை நிறுத்தாமல்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாய். "அந்தச் சக்கை..." என்றார். "கொஞ்சம் மிதிச்சா..."

"எதுக்கு? உங்க வாத்துக்கா? அது நல்லாத்தானே இருக்கு. காலையில எனக்கு மணி பார்க்க வேண்டிய வேலையே இல்ல."

பெஞ்சு சிரித்தது. அவர் அங்கேயே நின்றார். ஆவி அவர் முகத்தில் பட்டு வழிந்தது; அதை அவர் துடைக்கவில்லை. "எனக்கில்ல" என்றார். "வான்ரூவுக்கு."

காங் அக்காவின் கரண்டி நின்றது. "வான்ரூ அம்மாவுக்கா? அடப்பாவி மனுஷா, அதை விடிஞ்சதும் சொல்றதுக்கென்ன? என்னை இங்க மாத்தின அன்னைக்கு இந்த பெஞ்சைத் தூக்க ஆளில்லாம நின்னேன். நீங்க மாடியில நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க. பின்கதவு வழியா வந்து இன்னொரு முனையைப் பிடிச்சது யாருன்னு நினைச்சீங்க?" அவள் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். "எந்திரிங்கடா. கால் தேஞ்சா போயிடும்?"

அவள் காவடிக் கழியில் இரண்டு பானையையும் மாட்டித் தோளில் தூக்கினாள். பாரம் இருந்தால் தடம் ஆழமாக விழும் என்றாள். வைக்கோல் செருப்போடு சக்கையின் நடுவே இறங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், திரும்பி வந்தாள். "நான் அவருக்காக மிதிக்கல, அந்த அம்மாவுக்காகத்தான்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு கூலிக்காரர்கள் பின்னால் இறங்கினார்கள். மீன்காரியும் துணிக்கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் அதையே சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். அக்கரைப் படகில் வந்தவர்கள், இன்னார் வீடு என்று தெரியாமலே, வழக்கப்படி மிதித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது ஏதோ ஒரு வீட்டுச் சுகமின்மை, அவ்வளவுதான். மழை பிடித்தபோது தெருவில் வாசலுக்குத் திரும்பி வரும்படி ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அத்தனையும் ஊரின் செருப்புகளில் போயிருந்தது.

அன்று மாலை லின்தூ முழுவதும் ஏப்பம் விட்டது. பள்ளியில், படகில், துணிக்கடையில், ஆளுக்கு ஒன்று. அத்தோடு சரி. கெண்டை மீன் பள்ளி ஆசிரியரிடம் ஒரு துள்ளலும், அரிசி மணிகள் கூலிக்காரர்களிடம் ஆளுக்கொரு சலசலப்புமாகப் பிரிந்து போயின. கோழிக்குஞ்சு அக்கரைக்காரர் யாரோடோ போயிற்று, யாரென்று தெரியவில்லை. வான்ரூ எழுந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். அது கஞ்சியாகவே உள்ளே போய், பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. மறுவாரம் ஜாடிகளில் நுரை கண்டது.

வாத்து மட்டும் முதலில் மிதித்தவளிடம் போயிருந்தது. காங் அக்காவின் வயிற்றில் அது ஒன்பது நாள் கத்தியது. அவள் கஞ்சி குடித்தாள், பானை தூக்கினாள், வாடிக்கைக்காரர்களோடு சண்டை போட்டாள். பத்தாம் நாள் சத்தமில்லை. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், "பழைய வாத்து. வேகக் கொஞ்சம் நாளாச்சு" என்றாள்.

ஷாங் தேலின் மாறிவிட்டார் என்று லின்தூவில் யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் வைக்கோல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். எங்கே ஈரமாக வேரும் பட்டையும் கிடக்கிறதோ அதன் மேல் ஏறி, அங்குலம் விடாமல் மிதிப்பார். மிதிக்கும்போது குனிந்து பார்த்து, "இதெல்லாம் ஒரு இருமலா? இதுக்குப் போய் மருந்து குடிச்சானா?" என்று முகத்தைச் சுளிப்பார். வீட்டுக்காரர்கள் சன்னலிலிருந்து கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். குளிர்காலத்தில் காங் அக்காவுக்கு முழங்கால் வலி வந்தபோது, அவள் கடைக்கு முன் கிடந்த சக்கையை அவர்தான் முதலில் மிதித்தார். அவள் கரண்டியை ஓங்கினாள். "மெதுவா, முதலாளி. அது நல்ல வலி."

"இது ஒரு வலியா" என்றார் அவர், வீடு வரை நொண்டிக்கொண்டே போனார். வான்ரூ கதவைத் திறந்தாள். இன்று யாருடையது என்று கேட்கவில்லை. கால் நனைக்க வெந்நீர் வைத்தாள், கஞ்சி எடுத்து வைத்தாள். இருவரும் யாரைப் பற்றியும் பேசாமல் சாப்பிட்டார்கள்.